வாய்ச்சொல்லும் கைச்சாத்தும்: அவுஸ்திரேலியாவில் இணையத்தள வடிவமைப்பைச் சுயதொழிலாகக் கொள்வோருக்கு

ஊரை விட்டுப் புறப்பட்ட எம்மவர் கையிற் கொண்டுவந்த பொருள் கொஞ்சம். வந்து சேர்ந்த நாடுகளில் அவர்கள் கைக்கொண்ட தொழில்களோ பல. பொறியியலாளர் வாடகைக் கார் ஓட்டினார். ஆசிரியர் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தார். வங்கி முகாமையாளராய் இருந்தவர் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். பட்டம் இருந்தது, அதற்கு அங்கீகாரம் இருக்கவில்லை. அனுபவம் இருந்தது, ஆனால் அதை "உள்ளூர் அனுபவம்" என்று எவரும் ஏற்கவில்லை.

பட்டத்தையும் உள்ளூர் அனுபவத்தையும் கேளாத தொழில்கள் சில உண்டு. இணையத்தளங்களை வடிவமைத்துக் கொடுக்கும் சுயதொழில் அவற்றுள் ஒன்று. ஒரு கணனி, ஓர் இணைய இணைப்பு, கற்றுக்கொள்ளும் பொறுமை ஆகிய மூன்றுமே இதன் முதலீடு. செய்த வேலையைக் கண்ணாற் பார்த்துத்தான் வாடிக்கையாளர் தீர்மானிக்கிறார். எங்கே படித்தீர் என்று கேட்பவர் குறைவு. சிட்னியின் வென்வேர்த்வில், பெண்டில் ஹில் பகுதிகளிலும் மெல்பேர்ணின் டண்டினோங் பகுதியிலும் எம்மவர் நடத்தும் பலசரக்குக் கடை, நகைக்கடை, கணக்காளர் அலுவலகம், பல் வைத்தியசாலை யாவற்றுக்கும் இன்று ஓர் இணையத்தளம் தேவைப்படுகிறது. எனவே எமது இளைஞரும் யுவதியரும் பலர் இதில் இறங்குகின்றனர்.

அவ்வாறு இறங்குவோர் திறமைக் குறைவினால் தோற்பது அரிது. கணக்கு வைக்கத் தெரியாமையாலும், கூலியை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவதாலும், பேசியதை எழுத்தில் எழுதாமையாலுமே அவர்கள் தோற்கின்றனர். நாமும் அவ்வாறு ஒருமுறை தோற்றவர்களே. அக்கதையைப் பின்னர் கூறுவோம். முதலிற் கூறவேண்டியது வேறொன்று.

விசாவை முதலிற் பாருங்கள்

அகதித் தஞ்சம் கோரி, பிரிட்ஜிங் விசாவில் வாழும் அன்பர்களுக்கு இது மிக முக்கியம். எல்லாப் பிரிட்ஜிங் விசாக்களிலும் வேலை செய்யும் உரிமை இல்லை. விசாவில் 8101 என்னும் நிபந்தனை இருக்குமாயின் வேலை செய்வது தடை. "நான் ஒருவரிடமும் சம்பளம் வாங்கவில்லையே, வீட்டில் இருந்துதானே செய்கிறேன்" என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. பொதுவாகக் கூலி கிடைக்கக்கூடிய எந்த முயற்சியும் சட்டத்தின் கண்ணில் வேலையே. நண்பரின் கடைக்கு ஒரு தளம் செய்து இருநூறு டொலர் வாங்குவதும் அதில் அடங்கும். நிபந்தனையை மீறினால் விசாவே பறிபோகக்கூடும். தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ள ஒருவர் இருநூறு டொலருக்காக எதைப் பணயம் வைக்கிறார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் விசாவின் நிபந்தனைகளை உள்நாட்டு அலுவல்கள் திணைக்களத்தின் "வீவோ" இணையச் சேவையிற் பார்க்கலாம். பார்த்தும் விளங்காவிட்டால், சிட்னியில் ராக்ஸ் என்று அழைக்கப்படும் அகதிகள் சட்ட ஆலோசனை நிலையமும், மெல்பேர்ணில் ரெஃபியூஜி லீகல் என்னும் அமைப்பும் தஞ்சம் கோருவோருக்கு உதவி வருகின்றன. ஊர்வாயில் அடிபடும் கதையை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். ஆங்கிலம் தடையாக இருந்தால் 131 450 என்னும் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையின் இலக்கத்தை அழைத்துத் தமிழ் பேசும் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

பதினொரு இலக்கங்கள்

வேலை உரிமை உண்டென்று உறுதியானபின் அடுத்த படி ஏ.பி.என். எனப்படும் அவுஸ்திரேலிய வணிக இலக்கம். பதினொரு இலக்கங்களைக் கொண்ட இது, 2000ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் ஜி.எஸ்.ரி. என்னும் பொருள் சேவை வரி நடைமுறைக்கு வந்த காலத்தில் உருவானது. அரச பதிவேட்டில் நேரடியாக விண்ணப்பித்தால் கட்டணம் எதுவுமில்லை. பணம் வாங்கிக்கொண்டு பெற்றுத்தரும் இடைத்தரகர்கள் இணையத்தில் உண்டு. அவர்களிடம் போகத் தேவையில்லை. சொந்தப் பெயரிலேயே தொழில் செய்பவர் வணிகப் பெயரைப் பதிய வேண்டியதில்லை. வேறு பெயர் சூட்டினால் மட்டும் அசிக் எனப்படும் ஆணைக்குழுவிற் பதிந்து கட்டணம் செலுத்த வேண்டும்.

இவ்விலக்கத்தைக் குறிப்பிடாது ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு அனுப்பினால், அந்நிறுவனம் உங்களுக்குரிய தொகையில் 47 வீதத்தைப் பிடித்து வரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டிவரும். நூறு டொலர் வேலைக்கு ஐம்பத்துமூன்று டொலர்தான் கையில் வரும்.

ஜி.எஸ்.ரி. பத்து வீதம். ஆண்டு விற்றுமுதல் 75,000 டொலரை எட்டும்வரை அதற்குப் பதிவது கட்டாயமில்லை. எட்டும் என்று தெரிந்ததும் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். இங்கே இலாபம் கணக்கில்லை, வரவே கணக்கு என்பதை மறக்கலாகாது. பதியாதவர் வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.ரி. வசூலிக்கவும் கூடாது.

நிதியாண்டு யூலை முதலாம் நாள் தொடங்கி யூன் 30இல் முடிகிறது. கணக்காளர் இன்றித் தாமே வருமான வரிப் படிவம் அனுப்புவோர் ஒக்டோபர் 31க்குள் அனுப்ப வேண்டும். பற்றுச்சீட்டுகளையும் கணக்குகளையும் ஐந்தாண்டு பாதுகாக்க வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்பவரின் வரியை முதலாளி பிடித்துக் கட்டிவிடுகிறார். சுயதொழில் செய்பவருக்கோ முழுத்தொகையும் கைக்கு வருகிறது. ஆண்டு முடிவில் வரி கேட்டுக் கடிதமும் வருகிறது. வரும் ஒவ்வொரு தொகையிலும் ஏறக்குறைய நாலில் ஒன்றை வேறொரு வங்கிக் கணக்கில் ஒதுக்கி, அது தம்முடையதன்று என்று எண்ணப் பழகுவது நன்று. அரச உதவிப்பணம் பெறுவோர் இவ்வருமானத்தை உரிய அலுவலகத்துக்கு அறிவிக்கவும் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. "ஏ.பி.என். எடுத்துக்கொண்டு வா, வேலை தருகிறேன்" என்று சொல்லும் முதலாளிகள் உண்டு. நாள்தோறும் அவர் சொல்லும் நேரத்துக்குப் போய், அவர் இடத்தில், அவர் கணனியில், அவர் ஒருவருக்காக மட்டும் வேலை செய்பவர் பெரும்பாலும் ஊழியரே. அவருக்கு அடிப்படைச் சம்பளமும் விடுமுறையும் சுப்பர் எனப்படும் ஓய்வுகாலச் சேமநிதியும் உரியவை. ஊழியரைச் சுயதொழிலாளர் என்று காட்டி ஏய்ப்பதை 2009ஆம் ஆண்டின் ஃபெயார் வேர்க் சட்டம் தடை செய்கிறது. 2024 ஓகஸ்ட் முதல், பத்திரத்தில் எழுதியிருப்பதை மட்டுமன்றி உண்மையில் வேலை நடக்கும் முறையையும் பார்த்தே இது தீர்மானிக்கப்படுகிறது. இதுபற்றி முறையிட ஃபெயார் வேர்க் ஒம்புட்ஸ்மன் அலுவலகம் உண்டு.

தொண்டு வேறு, தொழில் வேறு

இணையமும் இவ்விரு நகரங்களும் பழைய உறவினர். அவுஸ்திரேலியாவின் நிரந்தர இணைய இணைப்பு 1989 யூன் மாதம் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்துக்கும் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஏற்பட்டது. தமிழருக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. மலேசியாவைச் சேர்ந்த பாலா பிள்ளை சிட்னியில் இருந்தபடி 1995இல் தமிழ்.நெற் என்னும் அரங்கை நிறுவினார். எழுத்துருக்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகாத அக்காலத்தில், பல கண்டங்களிற் சிதறியிருந்த தமிழர் ஒருவரோடொருவர் தமிழிலேயே எழுதிப் பேச அது வழிசெய்தது. பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கும் மதுரைத் திட்டம், சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கலாநிதி கல்யாணசுந்தரத்தை ஒருங்கிணைப்பாளராகக் கொண்டு 1998 தைப்பொங்கல் நாளில் தொடங்கியபோது, அதற்குத் தோள் கொடுத்தோருள் இவ்வரங்கினர் பலர்.

இவை தொண்டு. தொண்டு எம்மவர்க்குப் புதிதன்று. ஆலயத்துக்கும் தமிழ்ப் பாடசாலைக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் ஒரு பக்கம் அமைத்துக் கொடுக்கக் கூலி கேட்பவர் எவருமிலர். ஆனால் தொண்டும் தொழிலும் ஒரே முற்றத்திற் கலந்து கிடக்கும்போது இரண்டும் கெடுகின்றன. கடைக்காரர் அதைத் தொண்டென்று எண்ணுகிறார். செய்பவர் அதைத் தொழிலென்று எண்ணுகிறார். இருவரும் வாய்திறந்து பேசுவதில்லை. இலவசமாய்ச் செய்வதென்றால் இலவசம் என்று முன்னரே சொல்லி, எவ்வளவு செய்வோம் என்பதையும் சொல்லிவிடுவதே முறை.

கூலியின்றி உழைக்கும் ஆபத்து எம்மவர்க்கு மட்டும் உரியதன்று. மெல்பேர்ணில் 1999இல் தோன்றிய சைற்பொயின்ற் நிறுவனத்திலிருந்து 2008இல் 99டிசைன்ஸ் பிரிந்தது. வாடிக்கையாளர் தேவையை அறிவிப்பார், பலர் வரைந்து அனுப்புவர், தெரிவானவருக்கே பரிசுத்தொகை. எஞ்சியோரின் உழைப்பு வீண். இது நியாயமா என்று வடிவமைப்பாளரிடையே நெடுங்காலம் வாதம் நடந்தது. சிட்னியில் மற் பாரி 2009இல் உருவாக்கிய ஃபிரீலான்சர் நிறுவனமோ உலகெங்கும் உள்ளோர் ஒரே வேலைக்கு விலை கூறும் சந்தையாயிற்று. இத்தகைய சந்தைகளிற் பழகுவதிற் பிழையில்லை. ஆனால் சிட்னியில் வீட்டு வாடகை கட்டும் ஒருவர், டாக்காவிலும் மணிலாவிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து விலை கூறுபவரோடு மலிவிற் போட்டியிட்டு வெல்ல இயலாது. விலையிற் போட்டியிட்டால் உலகத்தோடு போட்டி. கடைக்கு நேரிற் சென்று, பொருளைக் கண்ணாற் பார்த்து, முதலாளியோடு தேநீர் குடித்துப் பேசக்கூடிய அண்மையிற் போட்டியிட்டால் ஊராரோடு மட்டுமே போட்டி.

ஒரு மணித்தியாலத்தின் விலை

"எவ்வளவு கேட்பது?" என்பதே புதியவர் எல்லோரும் கேட்கும் கேள்வி. அக்கம்பக்கத்தார் எவ்வளவு வாங்குகிறார் என்று பார்ப்பதிலும், தமக்கு எவ்வளவு தேவை என்று கணிப்பதே முதற்படி. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

ஆண்டில் 52 கிழமைகள். விடுமுறை, நோய், பொது விடுமுறை நாட்கள் ஆகியவற்றுக்கு ஆறு கிழமையைக் கழித்தால் 46. கிழமைக்கு 38 மணித்தியாலம் வேலை செய்தாலும், வாடிக்கையாளரைத் தேடுவது, கணக்கெழுதுவது, புதியதைக் கற்பது போன்றவற்றில் அரைவாசி போய்விடும். கூலி பெறக்கூடியவை 19 மணித்தியாலங்களே. 46ஐ 19ஆற் பெருக்கினால் 874 மணித்தியாலம். இனி, வரிக்கு முன் 60,000 டொலர் வருமானம் வேண்டும் என்று கொள்வோம். கணனி, மென்பொருள், தொலைபேசி, காப்புறுதி, கணக்காளர் ஆகிய செலவு 10,000. ஊழியராய் இருந்தால் முதலாளி சுப்பருக்குக் கட்டியிருக்கக்கூடிய 12 வீதத்தைத் தாமே ஒதுக்கினால் 7,200. ஆக 77,200 டொலர். இதை 874ஆற் பிரித்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 88 டொலர் வருகிறது.

எம்மவர் பலர் இத்தொகையைக் கேட்டதும் திடுக்கிடுவர். தொழிற்சாலைக் கூலியோடு ஒப்பிட்டு, இது கொள்ளையல்லவா என்பர். அல்ல. சுகயீன விடுமுறையும், வேலையில்லாத கிழமைகளும், முதுமைக்கான சேமிப்பும் இந்த 88க்குள்ளேதான் அடங்கியிருக்கின்றன. 30 டொலருக்கு வேலை செய்பவர் வாடிக்கையாளருக்குத் தம் முதுமையிலிருந்து கடன் கொடுக்கிறார். இக்கணக்கின்படி வரவு 75,000ஐத் தாண்டுவதால் ஜி.எஸ்.ரி.யும் பதிய வேண்டும் என்பதையும் வாசகர் கவனித்திருப்பர்.

நாம் இழந்த கதை

இனி எமது கதை. இத்தொழிலில் நாம் கால்வைத்த முதலாண்டு. சிட்னியின் மேற்குப் புறநகரொன்றிற் பலசரக்குக் கடை வைத்திருந்த அன்பர் ஒருவர் தளம் ஒன்று கேட்டார். ஐந்து பக்கம், 1,500 டொலர் என்று வாயாற் பேசி ஒப்புக்கொண்டோம். இரண்டாம் கிழமையில் முந்நூறு பொருட்களின் விலைப்பட்டியலையும் போடச் சொன்னார். போட்டோம். பின்னர் தீபாவளிக்குத் தனிப்பக்கம். பின்னர் மனைவியாரின் புடைவை வியாபாரத்துக்கு ஒரு பகுதி. பின்னர் நிறம் பிடிக்கவில்லை என்று முழுவதையும் மாற்றல். ஒரு மாத வேலை நாலு மாதமாயிற்று. கூலி கேட்கப் போனபோது, "தம்பி, நீர் எங்கட பிள்ளைதானே, பிறகு பாத்துத் தருவம்" என்று முதுகிலே தட்டி, நானூறு டொலரும் ஒரு பை அரிசியும் தந்தார். மிச்சம் வரவேயில்லை.

அவர்மேல் மட்டும் பழி போடுவது நேர்மையன்று. தளத்தின் பெயரை அவர் பெயரிற் பதியாது, வசதி கருதி எமது பெயரிலேயே பதிந்திருந்தோம். ஆண்டு முடிந்து புதுப்பிக்குமாறு வந்த அறிவித்தல், நாம் பார்க்காது விட்ட பழைய மின்னஞ்சலுக்குப் போயிற்று. தீபாவளிக்கு முந்திய கிழமையில் அவருடைய தளம் மறைந்தது. அப்போது அவர் எம்மை அழைத்துப் பேசிய பேச்சு இன்றும் காதில் ஒலிக்கிறது. அது அநியாயமான பேச்சும் அன்று. ஒரு தாளில் பத்து வரி எழுதிக் கைச்சாத்திட்டிருந்தால் அவருக்கும் நட்டமில்லை, எமக்கும் நட்டமில்லை. கோயிலில் ஒருவரையொருவர் கண்டால் முகம் திருப்பவும் நேர்ந்திராது.

அந்தப் பத்து வரிகள்

அதன்பின் ஒரு தாளும் பேனாவும் இன்றி நாம் எந்த வேலையும் தொடங்கியதில்லை. அத்தாளில் இருக்க வேண்டியவை பெரிய சட்டமொழி அல்ல. எத்தனை பக்கம், என்னென்ன பகுதி என்பது முதலாவது. எழுத்தும் படமும் யார் தருவது, எந்த நாளுக்குள் தருவது என்பது இரண்டாவது. வேலை தாமதமாவது பெரும்பாலும் கடைக்காரர் படம் தராமையாலேயே. எத்தனை முறை திருத்தம் செய்யலாம், அதற்கு மேற்பட்டால் மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்பது மூன்றாவது.

நாலாவது பணம். தொடங்கும்போது மூன்றில் ஒரு பங்கு அல்லது அரைவாசி, வடிவத்தை ஒப்புக்கொண்டபின் ஒரு பங்கு, தளம் வெளியாகுமுன் மிச்சம் என்று பிரித்தால் இருவருக்கும் பாதுகாப்பு. முற்பணம் தரத் தயங்குபவர் பிற்பணமும் தரத் தயங்குவார் என்பது நாம் கண்ட உண்மை. இன்வொய்ஸ் அனுப்பும்போது எத்தனை நாளுக்குள் கட்ட வேண்டும் என்பதையும் அதில் எழுத வேண்டும்.

ஐந்தாவது உரிமை. அவுஸ்திரேலியாவின் 1968ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஊழியராக அன்றிச் சுயாதீனமாக ஒருவர் ஆக்கிய வடிவமைப்பின் பதிப்புரிமை பொதுவாக ஆக்கியவருக்கே உரியது. அதை மற்றவருக்கு மாற்றுவதாயின் எழுத்தும் கைச்சாத்தும் வேண்டும். பணம் கட்டியதனால் எல்லாம் தமதென்று வாடிக்கையாளர் எண்ணுவார். எனவே முழுத்தொகையும் கட்டியபின் உரிமை மாறும் என்று ஒரு வரி எழுதிவிட்டால் இருவர் மனமும் ஆறும்.

ஆறாவது தளப்பெயர். அதை எப்போதும் கடைக்காரரின் பெயரிலேயே பதிய வேண்டும். '.கொம்.ஏயூ' என முடியும் பெயருக்கு விண்ணப்பிப்பவர் அவுஸ்திரேலியத் தொடர்புடையவராயும் வணிகம் நடத்துபவராயும் இருத்தல் வேண்டும் என்பது விதி. 2022 மார்ச் 24 முதல் '.ஏயூ' என்று மட்டும் முடியும் குறுகிய பெயர்களும் கிடைக்கின்றன. பதிவுச் சான்றையும் கடவுச்சொற்களையும் உறையிலிட்டு அவரிடமே கொடுத்துவிடுவது எமது வழக்கம். வாடிக்கையாளரின் பெயரைப் பிணையாய் வைத்துப் பணம் கறக்க முயல்வோரும் உண்டு; அது அறமுமன்று, தொழிலுமன்று.

எழுதியும் பணம் வராவிட்டால்? நியூ சவுத் வேல்ஸிலும் விக்ரோரியாவிலும் சிறுவணிக ஆணையாளர் அலுவலகங்கள் இருதரப்பையும் அழைத்து இணக்கம் செய்ய உதவுகின்றன. நியூ சவுத் வேல்ஸில் 20,000 டொலர் வரையான வழக்கை உள்ளூர் நீதிமன்றத்தின் சிறு உரிமைகோரல் பிரிவிற் பதியலாம். வழக்கறிஞர் இன்றியும் நடத்தலாம். ஆனால் அங்கே முதலிற் கேட்கப்படும் கேள்வி, எழுத்தில் என்ன உண்டு என்பதே. மின்னஞ்சலும் எழுத்துத்தான். வாயாற் பேசி முடித்த அன்று மாலையே "இன்று பேசியது இது" என்று நாலு வரி அனுப்பி வைத்தாலும் போதும்.

பார்வையற்றவர் தொடுத்த முறைப்பாடு

வடிவமைப்பென்றால் அழகென்று மட்டும் எண்ணுவோருக்குச் சிட்னி தந்த பாடம் ஒன்றுண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டிக்கு அமைக்கப்பட்ட இணையத்தளத்தைப் பார்வையற்றவரான புரூஸ் மக்குவயர் பயன்படுத்த முயன்றார். பார்வையற்றோரின் கணனி, திரையிலுள்ள எழுத்தைத் தொடுகைப் புள்ளிகளாகவோ குரலாகவோ மாற்றித் தரும். படங்களுக்கு விளக்க வரி எழுதப்படாவிடில் அவருக்கு அங்கே வெறுமை மட்டுமே. அவர் 1992ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின் கீழ் 1999இல் மனித உரிமை ஆணைக்குழுவில் முறையிட்டார்.

திருத்துவதற்குப் பெருஞ்செலவும் நெடுங்காலமும் வேண்டும் என்று ஏற்பாட்டுக்குழு வாதிட்டது. ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. 2000 ஓகஸ்ட் 24இல், போட்டி தொடங்கும் செப்டெம்பர் 15க்குள் தளத்தைத் திருத்துமாறு தீர்ப்பளித்தது. முழுமையாகத் திருத்தாமையால் பின்னர் 20,000 டொலர் இழப்பீடு கட்டவும் பணித்தது. உலகெங்கும் இத்துறையினர் இன்றும் எடுத்துக்காட்டும் வழக்கு இது.

இதிற் சுயதொழிலாளருக்கு இரு பயன்கள் உண்டு. படத்துக்கு விளக்க வரி, தெளிவான நிறவேறுபாடு, சுட்டி இன்றி விசைப்பலகையாலேயே இயக்கும் வசதி ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே செய்தால் செலவு சிறிது. பின்னர் திருத்தினாற் பெரிது. மேலும், இவ்வேலையைத் தெரிந்து செய்பவர் சிலரே என்பதால், இதைக் கற்றவருக்குப் பாடசாலைகளிலும் நகரசபைகளிலும் வேலை தேடும்போது கூடுதல் மதிப்புண்டு. எமது முதியோர் பலரும் கண் மங்கியவர்களே. பேர்த்தியின் உதவியின்றி அம்மம்மா கைத்தொலைபேசியில் வாசிக்கக்கூடிய தளமே நல்ல தளம்.

தளம் முடிந்தபின் தொழில் தொடங்குகிறது

ஒரு மணித்தியாலத்தை ஒருமுறைதான் விற்கலாம். சிட்னியிற் சுயதொழில் வடிவமைப்பாளராய் இருந்த கொலிஸ், சயன் ராயீட் தம்பதியர் இதை உணர்ந்தவர்கள். 2006இல் யுன் றுங் என்பவரோடு சேர்ந்து, வடிவமைப்பாளர் ஒருமுறை ஆக்கிய கோப்பைப் பலருக்கு விற்கக்கூடிய சந்தையொன்றைத் தொடங்கினர். அதுவே பின்னர் மெல்பேர்ணைத் தலைமையிடமாகக் கொண்ட என்வாற்றோ நிறுவனமாக வளர்ந்தது. 2024இல் 245 மில்லியன் அமெரிக்க டொலருக்கு ஷட்டர்ஸ்ரொக் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. எல்லோருக்கும் அது வாய்க்காது. ஆனால் அவ்வெண்ணத்தின் சிறுவடிவம் ஒவ்வொருவருக்கும் வாய்க்கும். அதுதான் பராமரிப்பு.

கடையைத் திறந்து கொடுத்துவிட்டு நாளும் கூட்டாமல் விட்டால் என்னாகும்? இணையத்தளமும் அப்படித்தான். மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், பிரதி எடுத்து வைக்க வேண்டும், தளப்பெயர் காலாவதியாகாது பார்க்க வேண்டும், விலை மாறினால் மாற்ற வேண்டும். இதற்கு மாதம் ஒரு சிறுதொகையை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். மாதம் நூறு டொலர் தரும் இருபது வாடிக்கையாளர் இருந்தால் மாதம் இரண்டாயிரம் டொலர் வரவு. புதிய வேலை வராத மாதத்திலும் வாடகைக்கு அது தாங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. மெலனி பேர்க்கின்ஸ் முதலிய மூவர் நிறுவிய கன்வா, 2013 முதல் வரையத் தெரியாதவரையும் வரைய வைத்தது. இன்றோ செயற்கை நுண்ணறிவு சில நிமிடங்களில் ஒரு முழுப்பக்கத்தையும் ஆக்கித் தருகிறது. "இனி எங்களுக்கு என்ன வேலை?" என்று இளைஞர் பலர் எம்மிடம் கேட்கின்றனர். பக்கம் வரைவது மட்டுமே தொழிலென்றால் அக்கவலை நியாயமானது. ஆனால் எந்தப் பொருளை முதலிற் காட்டவேண்டும் என்று கடைக்காரரோடு இருந்து ஆராய்வதும், தமிழ் எழுத்து உடையாது வருகிறதா என்று பார்ப்பதும், வெள்ளிக்கிழமை இரவு தளம் விழுந்தால் தொலைபேசியை எடுப்பதும் மனிதர் வேலை. வாடிக்கையாளர் பணம் தருவது அந்தப் பொறுப்புக்கே.

நம்பிக்கையின் மறுபெயர்

எழுத்தில் எழுதச் சொன்னால் எம்மவருட் சிலர் மனம் நோகின்றனர். "எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா?" என்கின்றனர். ஊரிலே காணி விற்கையில் நொத்தாரிசுவிடம் போய் உறுதி எழுதியவர்களே நாம். சீட்டுப் பிடித்தாலும் கொப்பியில் எழுதியவர்களே நாம். நம்பிக்கையின்மையால் அவற்றை எழுதினோமா? நாளை மறதி வந்தாலும், மனம் மாறினாலும் உறவு முறியாதிருக்கவே எழுதினோம். அகதியாய் வந்தவர் காகிதத்தின் பெறுமதியை அறியாதவரும் அல்லர். ஒரு கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தவர்கள், ஒரு கைச்சாத்தில் வாழ்வு மாறுவதைக் கண்டவர்கள் அவர்கள்.

எனவே இத்தொழிலில் இறங்கும் தம்பி தங்கையருக்கு நாம் கூறுவது சிறிது. விசாவைப் பாருங்கள். இலக்கத்தைப் பெறுங்கள். உங்கள் மணித்தியாலத்தின் விலையைக் கணியுங்கள். பேசியதை எழுதுங்கள். கடைக்காரராய் இருக்கும் பெரியோருக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் வரும் பிள்ளை ஒரு தாளை நீட்டினால் மனம் நோகாதீர்கள். வாசித்துப் பாருங்கள், பிடிக்காததை மாற்றச் சொல்லுங்கள், பின்னர் கைச்சாத்திடுங்கள். பேசிய நாளில் பேசிய தொகையைக் கொடுத்துவிடுங்கள். அரிசிப் பையையும் மனமுவந்து கொடுங்கள். அது கூலிக்குப் பதிலாக அல்லாமல், கூலிக்கு மேலாக இருக்கட்டும்.